கொட்டகை வாசலில் நிற்கும் சட்டம்

புதுச்சேரி ராஜ்யத்தின் பூகோளப் படத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்தவர்கள் புன்னகை செய்யாமல் இருக்க முடியாது. பழைய வேஷ்டிக்கு ஒட்டுப் போட்டாற்போல், இங்கே ஒரு துண்டும் அங்கே ஒரு துண்டுமாக அது சிதறிக் கிடக்கிறது. வில்லியனூர்ப் பக்கத்திலும் பாகூர்ப் பக்கத்திலும் வயல் வரப்பு ஒன்றைத் தாண்டினால் தமிழ்நாடு. இன்னும் சற்று நடந்தால் மறுபடியும் புதுச்சேரி. இன்று அந்த வரப்பை நாம் கவனிப்பதுகூட இல்லை. ஆனால் 1947-ஆம் வருஷம் வரையில் அது இரண்டு சாம்ராஜ்யங்களின் எல்லையாக இருந்தது. ஒரு பக்கத்தில் லண்டன் நகரத்துச் சட்டம். மறு பக்கத்தில் பாரிஸ் நகரத்துச் சட்டம்.

எல்லை என்பது மனிதனுக்கு மட்டுமன்றி, அச்சடித்த எழுத்துக்கும் உண்டு என்பதைத் தமிழர்கள் நன்றாக அறிவார்கள். 1908-ஆம் வருஷத்தில் பாரதியார் புதுச்சேரி சென்றதும், சென்னையில் நடத்த முடியாமற் போன 'இந்தியா' பத்திரிகை அங்கிருந்து வெளிவந்ததும் வாசகர்கள் கேட்ட கதைதான். பத்திரிகையைப் போலவே திரைப்படத்துக்கும் எல்லை உண்டு. அதற்கும் காவற்காரர்கள் உண்டு. அந்தக் காவற்காரர்களோடு கோர்ட்டுகளில் நடந்த நீண்ட போராட்டத்தைப் பற்றியே இங்கே சொல்லப் போகிறோம்.

கேள்வி மிகவும் எளியது. பகலெல்லாம் நாற்று நட்டுவிட்டு, மாலையிலே குழந்தை குட்டிகளுடன் படம் பார்க்கப் புறப்படும் பாகூர்க் குடும்பம் ஒன்று எந்தப் படத்தைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்வது யார்? தணிக்கைச் சபையா? மந்திரிமார்களா? ஜில்லா அதிகாரியா? அல்லது "இந்தப் படம் ஓடினால் கொட்டகைக்கு நெருப்பு வைப்போம்" என்று தெருவிலே நின்று கூச்சலிடும் நாலு பேரா? கேட்பதற்கு எளிதாயிருக்கும் இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு நமது தேசத்திற்கு அநேக வருஷங்கள் பிடித்தன.

போலீஸ் கமிஷனரின் கத்தரிக்கோல்

பிரிட்டிஷ் இந்தியாவில் ஸினிமாச் சட்டம் பிறந்தது 1918-ஆம் வருஷத்தில். 1920-ல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் ஆகிய பட்டணங்களில் தணிக்கைச் சபைகள் ஏற்பட்டன. சென்னைச் சபையின் தலைமைப் பீடத்தில் போலீஸ் கமிஷனரே அமர்ந்தார் என்பதைச் சொன்னால், அந்தச் சபை எதற்காக ஏற்பட்டது என்பதை வேறு விளக்க வேண்டியதில்லை. கலை எப்படி இருக்கிறது என்று பார்ப்பது போலீஸாரின் தொழில் அல்ல. கலகம் வருமா என்று பார்ப்பதே அவர்கள் தொழில்.

அடுத்த வருஷமே அந்தக் கத்தரிக்கோல் வேலை செய்யத் தொடங்கிற்று. பம்பாய்க் கோஹினூர் கம்பெனியார் 1921-ல் 'பக்த விதுரர்' என்ற பேசாத படத்தைத் தயாரித்தார்கள். கதை மகாபாரதத்துக் கதைதான். ஆனால் விதுரர் வேஷத்தைப் பார்த்தவர்களுக்கு மகாத்மா காந்தியின் ஞாபகம் வந்துவிட்டது. சிந்து மாகாணத்துக் கராச்சியிலும் நமது சென்னையிலும் அந்தப் படம் தடை செய்யப்பட்டது. மகாபாரதத்தைத் தடுக்க முடியாத சர்க்கார், விதுரரின் குல்லாயைக் கண்டு அஞ்சிற்று!

தணிக்கை முறையையும் ஸினிமாத் தொழிலையும் ஆராய்வதற்கு 1927-ல் ஒரு கமிட்டி நியமித்தார்கள். சென்னையின் பிரபல வக்கீலான திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் அதன் தலைவர். கமிட்டி ஊர் ஊராகச் சென்று சாட்சியம் வாங்கி, 1928-ல் விரிவான அறிக்கை கொடுத்தது. அறிக்கை அலமாரிக்குச் சென்றது. கத்தரிக்கோல் மட்டும் வழக்கம்போல் மேஜைமேல் இருந்தது.

1939-ஆம் வருஷம் மே மாதத்தில் 'தியாக பூமி' வெளிவந்தது. ஸ்ரீ கல்கி எழுதிய கதை ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே ஸ்ரீ கே. சுப்பிரமணியம் அதைப் படமாக்கினார். காங்கிரஸ் மந்திரி சபை பதவியில் இருந்தவரையில் படத்திற்கு ஆபத்து இல்லை. அந்த வருஷம் அக்டோபரில் மந்திரி சபை ராஜிநாமாச் செய்தது. 1940-ல் கவர்னர் சர்க்கார் படத்தைத் தடை செய்துவிட்டது. தடை வரப் போகிறதென்று தெரிந்ததும் சென்னை கெயிட்டிக் கொட்டகையில் அந்தப் படத்தை ஜனங்களுக்கு இலவசமாகவே காட்டினார்கள் என்பது தமிழ் ஸினிமா சரித்திரத்தில் என்றும் நிற்கும் செய்தி.

இங்கே வாசகர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தக் கதைகளில் எங்கேயும் கோர்ட்டு வரவில்லை. ஏனென்றால் அந்த நாளில் பிரஜைக்குப் பேச்சுரிமை என்று எழுதி வைத்த சாஸனம் எதுவும் கிடையாது. சர்க்கார் 'கூடாது' என்றால், அதுவே சட்டம். அதற்கு மேல் பேச்சு இல்லை.

வரப்புக்கு அந்தப் பக்கத்துச் சட்டம்

1918-ஆம் வருஷத்துச் சட்டம் வில்லியனூர் வரப்போடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் பிரெஞ்சுக்காரரின் ஆட்சி. அவர்கள் 1880-ஆம் வருஷத்தில் தங்கள் இந்தியப் பகுதிகளைக் 'கொம்யூன்'களாகப் பிரித்தார்கள். வில்லியனூர், பாகூர் இரண்டும் அன்று ஏற்பட்ட கொம்யூன்களே. ஒவ்வொன்றுக்கும் ஒரு சபை. சபைக்குத் தலைவர் 'மேர்'. அந்தச் சொற்கள் வந்த கப்பல்கள் திரும்பிப் போய் எத்தனையோ காலம் ஆகியும், 'கொம்யூன் பஞ்சாயத்து' என்ற பெயர் மட்டும் இன்றுவரை அந்தக் கிராமங்களில் நிலைத்து நிற்கிறது.

பிரான்ஸ் தேசத்தில் இந்த மேருக்கு லேசான அதிகாரம் அல்ல. ஊரிலே ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு அவருடையது. 1919-ஆம் வருஷம் முதல் அங்கே ஒவ்வொரு படத்துக்கும் மத்திய சர்க்காரின் அனுமதிச் சீட்டு வேண்டும். ஆனால் மத்திய சர்க்கார் அனுமதித்த ஒன்றை, ஒரு சிற்றூரின் மேர், "எங்கள் ஊருக்கு இது ஆகாது" என்று நிறுத்தலாமா? இந்தப் பிரச்னை பாரிஸில் உள்ள 'கொன்ஸெய் தேத்தா' என்னும் உயர்ந்த நிர்வாக நீதி சபையின் முன் வந்தது.

முதலில் வந்த வழக்கு படத்தைப் பற்றியதல்ல, பிரசங்கத்தைப் பற்றியது. ரெனே பெஞ்ஜமென் என்ற எழுத்தாளர் நெவேர் என்ற ஊரில் பிரசங்கம் செய்ய வருவதாக இருந்தது. உபாத்தியாயர் சங்கத்தினர் எதிர்த்தார்கள். கலகம் வரும் என்று சொல்லி மேர் பிரசங்கத்தைத் தடுத்துவிட்டார். 1933-ஆம் வருஷம் மே மாதம் 19-ஆம் தேதி நீதி சபை அந்தத் தடையை ரத்துச் செய்தது. கலகம் வரும் என்ற அச்சம் மட்டும் போதாது. போலீஸாரைக் கொண்டு ஒழுங்கைக் காக்க முடியாத அளவுக்கு ஆபத்து இருந்தால்தான் தடுக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அருமையான தீர்ப்பு.

ஆனால் பேச்சுக்குக் கிடைத்த பாதுகாப்பு படத்திற்குக் கிடைக்கவில்லை. நீஸ் நகரத்து மேர் சில படங்களைத் தடுத்தார். லுதெசியா என்ற படக் கம்பெனியார் வழக்குத் தொடர்ந்தார்கள். 1959-ஆம் வருஷம் டிஸம்பர் 18-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. மத்திய அனுமதி பெற்ற படமானாலும், அதனால் பெருங் குழப்பம் விளையக்கூடுமானால், அல்லது படத்தின் ஒழுக்கக் கேடும் அந்த ஊரின் விசேஷ நிலைமையும் சேர்ந்து பொது ஒழுங்கைக் கெடுக்குமானால், மேர் அதை நிறுத்தலாம் என்று நீதி சபை சொல்லிவிட்டது.

அந்தச் சமயத்தில் நமது கொம்யூன்களின் நிலை விசித்திரமானது. 1954-ஆம் வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதி, வில்லியனூருக்கு அருகேயுள்ள கீழூரில் ஜனப் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆயினும் உடன்படிக்கை பூர்த்தியாகிச் சட்டப்படி மாற்றம் நிறைவேறியது 1962-ஆம் வருஷம் ஆகஸ்டு 16-ஆம் தேதிதான். ஆக, லுதெசியாத் தீர்ப்பு எழுதப்பட்ட நாளில், ஏட்டளவிலே மட்டும், பாகூரும் வில்லியனூரும் பிரெஞ்சுப் பூமி! 1962 நவம்பர் முதல் சென்னை ஹைகோர்ட்டே புதுச்சேரிக்கும் ஹைகோர்ட்டாயிற்று. கிராமத்தாரின் வழக்குகள் கடல் கடந்து செல்லும் காலம் முடிந்தது.

ஆனால் கேள்வி முடியவில்லை. மேலிடத்தில் அனுமதி பெற்ற படத்தை உள்ளூர் அதிகாரி நிறுத்தலாமா? பாரிஸ் ஒரு விடை சொல்லிற்று. டில்லி என்ன சொல்லப் போகிறது?

அப்பாஸின் பதினாறு நிமிஷங்கள்

சுதந்திர இந்தியாவின் அரசியல் சாஸனம் 1950-ல் அமுலுக்கு வந்தது. அதன் 19-வது ஷரத்துப் பிரஜைக்குப் பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் தந்தது. அதே ஷரத்து, பொது ஒழுங்கு, ஒழுக்கம் முதலிய சில காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொல்லிற்று. 1952-ல் பார்லிமெண்டு புதிய ஸினிமாச் சட்டம் இயற்றியது. கத்தரிக்கோலின் பிடி மாறிற்று, கத்தரிக்கோல் மாறவில்லை. பத்திரிகையை அச்சிடுவதற்கு முன் யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. புஸ்தகத்தையும் காட்ட வேண்டியதில்லை. படத்தை மட்டும் காட்டித்தான் ஆக வேண்டும். இது நியாயமா?

இந்தக் கேள்வியை நேராகக் கேட்டவர் கே. ஏ. அப்பாஸ். பத்திரிகாசிரியர், கதாசிரியர், டைரக்டர் என்று பல துறைகளில் பெயர் பெற்றவர். கல்கத்தா, பம்பாய், சென்னை, டில்லி ஆகிய நான்கு நகரங்களின் மாளிகைகளையும் சேரிகளையும் அருகருகே காட்டி, 1968-ல் பதினாறு நிமிஷம் ஓடும் சிறு படம் ஒன்று எடுத்தார். பம்பாயில் உடலை விற்றுப் பிழைக்கும் ஸ்திரீகள் வசிக்கும் தெருவும் அதில் வந்தது. எல்லோரும் பார்க்கலாம் என்ற 'யு' சான்றிதழ் கேட்டார். வயது வந்தோர் மட்டும் பார்க்கும் 'ஏ' சான்றிதழ்தான் என்றது சபை. சர்க்காரிடம் அப்பீல் செய்தார். அந்தக் காட்சியை வெட்டினால் 'யு' தருகிறோம் என்றார்கள். அப்பாஸ் சுப்ரீம் கோர்ட்டின் படியேறினார்.

வழக்கு நடக்கும்போதே சர்க்கார் இறங்கி வந்து, வெட்டில்லாமல் 'யு' தருவதாக ஒப்புக்கொண்டது. மற்றவர்களாயிருந்தால் அதோடு வீடு திரும்பியிருப்பார்கள். அப்பாஸ் திரும்பவில்லை. "என் படத்துக்கு வழி கிடைத்தது போதாது, முன்கூட்டித் தணிக்கை செய்யும் முறையே செல்லுமா என்று சொல்லுங்கள்" என்று மனுவைத் திருத்திக் கொடுத்தார்.

தலைமை நீதிபதி ஹிதாயதுல்லாவின் தலைமையில் ஐந்து நீதிபதிகள் 1970-ஆம் வருஷம் ஸெப்டம்பர் 24-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னார்கள். அப்பாஸுக்கு அது தோல்விதான். ஸினிமா மனதைப் பற்றும் வேகம் எழுத்துக்கு இல்லை. ஆகவே படத்தை வேறு விதமாக நடத்தலாம். முன் தணிக்கை செல்லும் என்பது தீர்ப்பு. ஆனால் தோல்வியிலும் ஒரு லாபம் இருந்தது. சபை தன் முடிவைச் சொல்வதற்குக் காலக் கெடு வேண்டும், சர்க்காரிடம் அப்பீல் செய்வதற்குப் பதிலாகத் தனிப்பட்ட நீதி மன்றத்திடம் அப்பீல் வேண்டும் என்பன அந்த வழக்கில் ஏற்றுக்கொள்ளப்பட்டன. தீமையைக் காட்டுவது வேறு, தீமையைப் போற்றுவது வேறு என்பதையும் நீதிபதிகள் தெளிவாக்கினார்கள். அப்பீல் மன்றம் நடைமுறைக்கு வந்தது 1983-ல். நல்ல வாக்குறுதிகள் நம் தேசத்தில் மாட்டு வண்டியில் வருவது வழக்கம் அல்லவா?

மற்ற தேசங்களிலும் கதை இவ்விதந்தான். அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1915-ல், ஸினிமா வெறும் வியாபாரம், அதற்குப் பேச்சுரிமை கிடையாது என்று சொல்லிற்று. அந்தத் தவறைத் திருத்திக்கொள்ள அதற்கு 37 வருஷங்கள் ஆயின. இத்தாலிய டைரக்டர் ரோஸலினியின் படம் ஒன்றை நியூயார்க் அதிகாரிகள் தடுத்த வழக்கில், 1952-ல்தான் ஸினிமாவும் பேச்சுரிமையின் நிழலுக்குள் அடங்கும் என்று ஒப்புக்கொண்டது.

ஒரே ஒரு கிராமத்திலே

இனி நம் தமிழ்நாட்டிலேயே பிறந்த வழக்குக்கு வருவோம். இந்தியா முழுவதிலும் இன்று வக்கீல்கள் எடுத்துக் காட்டும் வழக்கு அது. படத்தின் பெயரே 'ஒரே ஒரு கிராமத்திலே' என்பது!

எஸ். ரங்கராஜன் தயாரித்த அந்தப் படத்துக்குக் கதை எழுதியவர் கவிஞர் வாலி, கதாநாயகி லக்ஷ்மி. காயத்திரி என்ற பிராம்மணப் பெண், கருப்பாயி என்ற பெயரோடும் வேறு ஜாதிச் சான்றோடும் படித்து உத்தியோகம் பெறுகிறாள். பின்னர் உண்மை வெளிப்படுகிறது. இட ஒதுக்கீடு ஜாதியை வைத்து இருக்க வேண்டுமா, வறுமையை வைத்து இருக்க வேண்டுமா என்ற வாதத்தைப் படம் கிளப்பிற்று. தமிழ்நாட்டில் இதைவிடச் சூடான விஷயம் இருக்க முடியாது. தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்ட ஜனங்கள் அரும்பாடுபட்டுப் பெற்ற பாதுகாப்பைப் படம் குறை கூறுகிறதே என்று பலர் மனம் புண்பட்டார்கள். அந்த வேதனையைச் சிறிதென்று நாம் சொல்லமாட்டோம்.

1987-ல் தணிக்கைக்குப் போன படத்துக்குப் பரிசோதனைக் குழுவார் சான்றிதழ் மறுத்தார்கள். மறு பரிசீலனை நடந்தது. கடைசியில் ஐந்து பேர் ஆதரவும் நான்கு பேர் எதிர்ப்புமாக, ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், 'யு' சான்றிதழ் கிடைத்தது. அதை எதிர்த்துச் சென்னை ஹைகோர்ட்டில் வழக்குகள் வந்தன. எதிர்த்தவர்களில் ஒருவரான பி. ஜகஜீவன் ராம் பெயராலேயே வழக்கு வழங்குகிறது. இவர் மத்திய மந்திரியாக இருந்த பாபு ஜகஜீவன் ராம் அல்லர். தனி நீதிபதி ஒருவர் படத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அப்பீலில் இரண்டு நீதிபதிகள் சான்றிதழை ரத்துச் செய்தார்கள். இதற்கிடையே படத்திற்குத் தேசிய விருதும் கிடைத்தது! சர்க்காரின் ஒரு கை மாலை போட, மற்றொரு கை வாசலை அடைத்து நின்றது.

சுப்ரீம் கோர்ட்டில் தமிழ்நாடு சர்க்காரின் தரப்பில் சொல்லப்பட்ட முக்கிய வாதம் இதுதான்: பல ஸ்தாபனங்கள் கிளர்ச்சி செய்கின்றன, படம் ஓடினால் கொட்டகைகள் தாக்கப்படலாம், ஒழுங்கு குலையும். அதாவது நெவேர் ஊர் மேர் 1933-ல் சொன்ன அதே வார்த்தை.

ஜகந்நாத ஷெட்டி, அஹ்மதி, குல்தீப் சிங் ஆகிய மூன்று நீதிபதிகள் 1989-ஆம் வருஷம் மார்ச் 30-ஆம் தேதி தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பை எழுதியவர் ஜகந்நாத ஷெட்டி. ஸினிமாவுக்கு வலிமை அதிகம், தணிக்கை வேண்டியதுதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் படத்தை அளக்கும் கோல் எது? எதற்கெடுத்தாலும் கொதித்தெழுகிறவனுடைய மனம் அல்ல. சாதாரண அறிவும் நிதானமும் உள்ள மனிதனுடைய மனந்தான் என்றார். ஒரு படத்தின் கருத்துச் சரியா தவறா என்பது கேள்வியே அல்ல. சர்க்காரின் கொள்கையைக் குறை கூறுவதற்கும் பிரஜைக்கு உரிமை உண்டு. பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள சம்பந்தம் வெடிமருந்துப் பீப்பாய்க்கும் நெருப்புப் பொறிக்கும் உள்ள சம்பந்தம்போல் நெருங்கியிருக்க வேண்டும். எங்கோ, என்றோ, யாரோ கோபிக்கலாம் என்பது போதாது. ஊர்வலம் வரும், கலகம் வரும் என்ற பயமுறுத்தலுக்காகப் பேச்சை அடக்கினால், அது சட்டத்தின் ஆட்சியைப் பலாத்காரத்தின் காலடியில் வைப்பதாகும். ஒழுங்கைக் காப்பது சர்க்காரின் கடமை. 'எங்களால் முடியவில்லை' என்று கைவிரிப்பது சர்க்காருக்கு அழகல்ல.

பாகூர் ஏரியைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் சூட்சுமம் சுலபமாய் விளங்கும். மதகை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதற்கு ஒரு முறை உண்டு. அந்த முறைப்படி திறந்துவிட்ட தண்ணீரை, வழியிலே ஒருவன் தடியோடு நின்று, "என் வயலைத் தாண்டிப் போகக் கூடாது" என்று மறித்தால், ஊரார் என்ன செய்வார்கள்? மறித்தவனை விலக்குவார்களா, அல்லது "சண்டை வேண்டாம்" என்று மதகையே மூடிவிடுவார்களா?

தீர்ப்புக்குப் பின்

சட்டம் இவ்வளவு தெளிவாகிவிட்ட பிறகு தொல்லை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை.

முதலில் மத்திய சர்க்காரின் கையை எடுத்துக்கொள்வோம். சான்றிதழ் கொடுத்த பிறகும் அதை மாற்றும் அதிகாரத்தை 1952-ஆம் வருஷத்துச் சட்டம் மந்திரி இலாகாவுக்கு வைத்திருந்தது. கே. எம். சங்கரப்பா தொடர்ந்த வழக்கில் கர்நாடக ஹைகோர்ட்டு 1990-ல் அது செல்லாது என்றது. 2000-ஆம் வருஷம் நவம்பர் 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. நீதி மன்றம் போன்ற ஒரு சபை தீர்த்ததை மந்திரிகள் மாற்றுவது முறையல்ல என்பது காரணம். 2021-ல் அந்த அதிகாரத்தை மறுபடி கொண்டு வர ஒரு நகல் மசோதா வந்தது, எதிர்ப்பு எழுந்தது, 2023-ல் நிறைவேறிய திருத்தச் சட்டத்தில் அது இடம் பெறவில்லை.

அடுத்தது ராஜ்ய சர்க்கார்களின் கை. 2006-ல் 'டாவின்சி கோட்' என்ற ஆங்கிலப் படத்தைத் தமிழ்நாடு சர்க்கார் 1955-ஆம் வருஷத்து ஸினிமா ஒழுங்குச் சட்டத்தின்கீழ் நிறுத்தியது. சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அந்த உத்தரவை ரத்துச் செய்தார். 2011-ல் உத்தரப் பிரதேச சர்க்கார் 'ஆரக்ஷண்' என்ற ஹிந்திப் படத்தை நிறுத்தியது. இதுவும் இட ஒதுக்கீட்டைப் பற்றிய படம். ரங்கராஜன் வழக்கையே காட்டி சுப்ரீம் கோர்ட்டு தடையை நீக்கியது. 2018 ஜனவரியில் 'பத்மாவத்' படத்தை ராஜஸ்தானும் குஜராத்தும் தடுத்தபோதும் அதே கதி.

2019-ல் வங்காளத்தில் இன்னொரு விதமான வேடிக்கை நடந்தது. 'பவிஷ்யதேர் பூத்' என்ற வங்காளிப் படத்துக்கு எழுத்து மூலம் தடை எதுவும் இல்லை. ஆனால் கொட்டகைகளிலிருந்து படம் மறைந்துவிட்டது. போலீஸாரின் கண் ஜாடையே போதுமாயிருந்தது. அந்த வருஷம் ஏப்ரல் 11-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு கண்டித்ததோடு நிற்கவில்லை. உரிமை இழந்ததற்கு நஷ்ட ஈடாக ரூ. 20 லட்சம் கொடுக்கும்படி மேற்கு வங்க சர்க்காருக்கு உத்தரவிட்டது. கலகத்துக்கு அஞ்சுவதும் செலவு பிடிக்கும் காரியம் என்று சர்க்கார்கள் தெரிந்துகொள்ள இது ஒரு பாடம்.

இத்தனை வெற்றிகளுக்கு நடுவே தமிழர்கள் மறக்காத ஒரு கதையும் உண்டு. 2013 ஜனவரி கடைசியில் கமல் ஹாசனின் 'விஸ்வரூபம்' வெளிவர இருந்தது. முஸ்லிம் ஸ்தாபனங்கள் சில ஆட்சேபித்தன. தமிழ்நாடெங்கும் கலெக்டர்கள் 144-வது பிரிவின்கீழ் தடை உத்தரவு போட்டார்கள். 29-ஆம் தேதி இரவு ஹைகோர்ட்டு நீதிபதி ஒருவர் தடையை நிறுத்தி வைத்தார். மறுநாளே அப்பீலில் அந்த உத்தரவு நின்றுபோயிற்று. முடிவில் கோர்ட்டின் இறுதித் தீர்ப்புக்குக் காத்திராமல், சில இடங்களில் ஒலியை அடக்குவதாகச் சமரசம் பேசி, பிப்ரவரி 7-ஆம் தேதி படத்தை வெளியிட்டார்கள்.

இங்கேதான் விஷயத்தின் முள் இருக்கிறது. படம் என்பது பயிரைப் போன்றது. அறுக்க வேண்டிய நாளில் அறுக்காவிட்டால் வயலிலேயே உதிர்ந்துவிடும். 1987-ல் எடுத்த படத்துக்கு 1989-ல் நீதி கிடைத்தது. வெற்றிதான், ஆனால் அதற்குள் கடன் கொடுத்தவன் வட்டியை நிறுத்தி வைப்பானா? கோர்ட்டில் ஜயித்தாலும் நாட்களில் தோற்கிறோம் என்று தெரிந்தவன், வழக்குக்குப் போகாமலே வெட்டிக் கொடுத்துவிடுகிறான். எந்தத் தீர்ப்புப் புஸ்தகத்திலும் ஏறாத தணிக்கை இது.

இனி என்ன?

உள்ளூர் அதிகாரியின் கை இன்னும் முற்றும் அகன்றுவிடவில்லை. 1952-ஆம் வருஷத்துச் சட்டத்தில், யூனியன் பிரதேசங்களுக்கென்றே எழுதப்பட்ட பாகத்தில் 13-வது பிரிவு என்று ஒன்று உண்டு. படத்தினால் சமாதானம் கெடக்கூடும் என்று தோன்றினால், துணை நிலை கவர்னரோ ஜில்லா மாஜிஸ்டிரேட்டோ அதை நிறுத்தி வைக்கலாம். மாஜிஸ்டிரேட்டின் உத்தரவு இரண்டு மாதம் நிற்கும். ராஜ்யங்களின் சட்டங்களிலும் இதைப் போன்ற பிரிவுகள் உண்டு. அந்த அதிகாரத்தை வெடிமருந்துக்கு அருகே பொறி விழும் சமயத்தில் மட்டும் எடுக்க வேண்டும் என்பதே 1989-ஆம் வருஷத்துத் தீர்ப்பின் போதனை.

1983-ல் வந்த அப்பீல் மன்றமோ 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டுவிட்டது. தணிக்கைச் சபையோடு தகராறு உள்ளவர் இப்போது நேரே ஹைகோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். பெரிய கம்பெனிக்கு அது பாரமல்ல. வில்லியனூரிலோ பாகூரிலோ நாலு வாலிபர்கள் சேர்ந்து, நகை நட்டை அடகு வைத்து, ஒரு சிறு படம் எடுத்தால், அவர்களுக்குச் சென்னைக்குப் போய் வக்கீல் வைத்து வழக்காடச் சக்தி ஏது? குறைந்த செலவில், சில நாட்களுக்குள் தீர்ப்புச் சொல்லும் அப்பீல் மன்றம் ஒன்று மறுபடியும் வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். 2023-ஆம் வருஷத்துத் திருத்தம் குழந்தைகளின் வயதை 7, 13, 16 என்று பிரித்துச் சான்றிதழ் தருகிறது. பெற்றோரின் பகுத்தறிவுக்கு வேலை கொடுக்கும் அந்த வழியை நாம் வரவேற்கிறோம். வெட்டுவதைவிட, இன்னது இப்படி இருக்கிறதென்று சொல்லிவிடுவது மேல்.

தடைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் கடைசியாக எடுக்கும் ஆயுதம் ஒன்று உண்டு. "பட்டணத்தான் படித்தவன், படத்தைப் படமாகப் பார்ப்பான். கிராமத்தான் பாமரன், கொதித்து எழுந்துவிடுவான்" என்பார்கள். இப்படிச் சொல்பவர்கள் பாகூர்ச் செப்பேட்டைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், பாகூரில் நடந்த வித்யாஸ்தானம் ஒன்றுக்கு மூன்று கிராமங்கள் மானியமாக விடப்பட்ட செய்தி அந்தச் செப்பேட்டில் இருக்கிறது. ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்பே கல்லூரி வைத்து நடத்திய ஊர் அது. தங்கள் தேசம் எது என்பதைத் துப்பாக்கி இல்லாமல், வாக்குச் சீட்டினால் தீர்மானித்தவர்கள் கீழூரில் கூடிய கிராமப் பிரதிநிதிகள். ஒரு ராஜ்யத்தின் தலைவிதியையே நிதானமாக முடிவு செய்த ஜனங்களுக்கு, ஒரு படத்தைப் பார்த்து நல்லது கெட்டது தெரிந்துகொள்ள முடியாதா?

பிடிக்காத படத்தைப் பார்க்காமல் இருக்கலாம். பார்த்துவிட்டுக் கண்டிக்கலாம்; எழுதலாம்; கூட்டம் போட்டுப் பேசலாம்; கொட்டகைக்கு எதிரே அமைதியாக நின்று ஆட்சேபம் தெரிவிக்கலாம். இவையெல்லாம் படம் எடுத்தவனுக்கு உள்ள அதே உரிமையிலிருந்து பிறந்தவை. பக்கத்து வீட்டுக்காரன் டிக்கட் வாங்குவதைத் தடியால் தடுப்பது மட்டும் அந்த உரிமையில் அடங்காது. கொட்டகை வாசலில் போலீஸ்காரர் நிற்கட்டும். ஆனால் அவர் உள்ளே செல்ல வந்த குடும்பத்தின் பக்கம் நிற்கட்டும்.